ஊத்துக்காட்டில் குடியேறிய சாமிகள்

ரப்பர்க் கன்றுக்கும் கன்றுக்கும் எத்தனை அடி விட வேண்டும், பால் வெட்டும் கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் புதிதாக உத்தியோகத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். அதற்கென்று அச்சடித்த புத்தகங்களும் இருக்கின்றன. ஒரு காட்டை வெட்டச் சொல்லி உத்தரவு வந்து, அது வெட்டக் கூடாத காடு என்று உங்கள் மனம் சொன்னால் என்ன செய்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோட்ட உத்தியோகத்தில் எனக்கு அது ஒரு முறைதான் நேர்ந்தது. உங்களுக்கும் நேரும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரப்பர் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. துரைமார்கள் எந்த மண்ணைப் பார்த்தாலும் அதில் எத்தனை கன்று நிற்கும் என்றே பார்த்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் துரை பந்து விளையாடும் இடத்தையே கொத்தச் சொன்னார். அவருடைய துரைசாணி அதன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதால்தான் அந்தப் புல்தரை தப்பித்தது. நான் அப்போது மழைக்குப் பேர்போன இரத்தினபுரிப் பக்கம், குருவிட்டவுக்கு மேலே, சிவனொளிபாத மலையை நோக்கி ஏறும் சரிவில் இருந்த ஒரு தோட்டத்தில் கண்டக்டர்; துரைக்கு அடுத்தபடி வெளிவேலையை மேற்பார்க்கிறவன், ஆட்கள் வாயில் கண்டாக்கையா. தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே, எல்லா ரப்பர் வரிசைக்கும் மேலே, வெட்டாமல் விட்ட காடு ஒன்று இருந்தது. லயத்து ஆட்கள், அதாவது வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள், அதற்கு ஊத்துக்காடு என்று பெயர் வைத்திருந்தார்கள். லயங்களுக்கு வரும் தண்ணீர் அங்கேதான் ஊறியது.

தண்ணீர் மட்டுமல்ல. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் வெந்நீரில் போடப் பாவட்டை இலை அங்கேதான் கிடைக்கும். காய்ச்சலுக்கும் ஆறாத புண்ணுக்கும் மரமஞ்சள் கொடி. அதைச் சிங்களவர் வெனிவெல் என்பார்கள். மீன் குழம்புக்குக் கொறக்காப்புளி, கூடை பின்னப் பிரம்பு. கீழே கிராமத்துச் சனங்கள் ஹால் மரத்துக் கொட்டையைப் பொறுக்கி, ஓடையில் ஊறப்போட்டு, இடித்து மாவாக்கிப் பஞ்சம் தீர்த்துக்கொள்வார்கள். புஞ்சிரால என்ற கிராமத்துக்காரர் ஒருவர் அங்கிருந்த கித்துள் மரங்களின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கி, பாணியும் கருப்பட்டியும் காய்ச்சிக் குடும்பம் நடத்தினார். காட்டுக்குச் சட்டப்படி உரிமை கொண்டாடியது தோட்டம். அதைப் புழங்கியது ஊர்.

ஒரு நாள் துரை என்னை ஆபீசுக்கு அழைத்தார். அவர் தமிழ் சரளமாகப் பேசுவார். மரியாதை விகுதி மட்டும் அந்தத் தமிழில் கிடையாது. இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர் சந்தோஷமாக இருந்தால் இங்கிலீஷ், கோபமாகவோ சந்தேகமாகவோ இருந்தால் தமிழ். அன்று தமிழ்.

"கண்டக்டர், மேலே இருக்கிற காடு சும்மா நிக்குது. பெரிய மழைக்கு முன்னே வெட்டணும், எரிக்கணும், குழி போடணும்."

"தொரை, அத வெட்டுனா ஊத்து காஞ்சு போகும். லயத்துக்குத் தண்ணி இல்லாம போயிரும்."

"தண்ணி இல்லாம போகுமா? இரத்தினபுரியிலே?"

அவர் கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேசுவது காதில் விழாத மழை. நான் என்ன வாதம் சொன்னாலும் அந்த மழை அவர் பக்கம் பேசியது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் காடு நிற்குமா, நின்றால் யாருக்காக நிற்கும் என்பதுதான் அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் எல்லோருடைய கவலையும். இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு அப்போது தோன்றவில்லை.

காடு வெட்டப் பெரும்பாலும் கிராமத்துச் சிங்களவரைத்தான் கூலிக்குப் பிடிப்போம். இது அவர்கள் புழங்கும் காடு, அதனால் அவர்கள் வர மறுத்தார்கள். எங்கள் ஆட்களே கோடரி தூக்க வேண்டும். அதில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. புதுக் காடு வெட்டப் போகும்போது எங்கள் ஆட்கள் ஒரு மரத்தை விட்டுவைத்து, அதனடியில் கல் நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைப்பார்கள். கோடரி காலில் பாயாமல், மரம் ஆள்மேல் விழாமல் அந்தச் சாமி பார்த்துக்கொள்ளும். கல் நட்ட மரத்தை யாரும் தொட மாட்டார்கள். துரைமாரும் தொடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, ஒருவரும் வந்து நிற்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரிய கங்காணி வீரப்பனிடம் போனேன். முப்பது குடும்பங்களைத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூட்டி வந்த ஆள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றாமல் பதில் சொல்ல மாட்டார்.

"கங்காணி, சாமிக்கல்லு ஒண்ணு நடணும்."

"எங்கனங்க?"

"ஊத்துக்காட்டுல. ஊத்துக்கு மேல நிக்குற ஹால் மரத்தடியில."

வெற்றிலை இடம் மாறியது. "வெட்டுறதுக்கு முந்தி நடுற கல்லா, வெட்டாம இருக்க நடுற கல்லா?"

"சாமி இருக்குற மரத்த யாரு வெட்டுவா?"

"சரிங்க. ஒரு மரம் நிக்கும். காடு?"

"சாமிக்கு நெழல் வேணாமா? மரத்தச் சுத்திக் கொஞ்சம் விட்டுறலாம்."

"கொஞ்சம்னா?"

"காடு முழுக்க."

கங்காணி தோளைக் குலுக்கிச் சிரித்தார். "எந்தச் சாமிங்க?"

"முனியாண்டி."

"முனியாண்டிய நம்ம மதுரப் பக்கத்துக்காரங்க கும்புடுவாங்க. சேலத்தாளுங்க, 'அது உங்க சாமி, எங்க கோடாலிக்கு அவரு பொறுப்பில்ல'ம்பாங்க. விடுங்க கண்டாக்கையா. லயத்துல பேசிப் பாக்குறேன்."

பேசினார். அதன் பலனை அடுத்த வாரத்தின் முதல் நாள் காலை, துரையோடும் கங்காணியோடும் காட்டை அளக்கப் போனபோது பார்த்தேன். ஒரே ஒரு கல்லை எதிர்பார்த்துப் போனவன் நான். ஓடைக்கரையிலிருந்து மேட்டு உச்சிவரை மஞ்சளும் குங்குமமும் மின்னின. ஒவ்வொரு ஊர்க்காரரும் அவரவர் சாமியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரு சாமியை ஒத்துக்கொள்ள வைக்க முடியாத கங்காணி, எல்லாச் சாமியையும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

"இது யார்?" என்றார் துரை.

"முனியாண்டி, தொரை."

"இது?"

"மதுரைவீரன்."

"இது?"

"காளியம்மா."

"இவன் ஏன் தூரமா, தனியா இருக்கான்?"

"சங்கிலிக்கருப்பன், தொரை. அவருக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கணும். அம்மனுக்கு அந்த வாடை ஆகாது. அதனால தள்ளி வச்சிருக்கு."

துரை தலையை ஆட்டினார். "எங்க கிளப் மாதிரி."

அடுத்த மரத்தடியில் நின்றுவிட்டார். அங்கே இருந்தது ரோதைமுனி. ஃபேக்டரியின் பெரிய சக்கரத்தைக் காவல் காக்கும் சாமி. ரோதை என்றால் சக்கரம்.

"இவனை நான் ஃபேக்டரியிலே பார்த்தேன்."

"ஆமா, தொரை."

"ஃபேக்டரிச் சாமிக்குக் காட்டிலே என்ன வேலை?"

அதற்குக் கங்காணி பதில் வைத்திருந்தார். "மெசின் சத்தத்துல தூக்கமில்லன்னு பூசாரி கனவுல வந்து சொன்னாருங்க, தொரை. லீவுல வந்திருக்காரு."

"நான் இன்னும் லீவு குடுக்கலை" என்றார் துரை.

காட்டின் கோடியில், புஞ்சிராலவின் கித்துள் மரத்தில் கொத்தாகப் பச்சிலை தொங்கியது. அது சமன் தெய்யோவுக்குக் கட்டியது. எங்கள் ஆட்கள் கல் நடுவதைப் பார்த்துவிட்டு, தங்கள் மலைக்குக் காவலான தெய்வம் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று கிராமத்தார் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நாங்கள் பேசாமல் திரும்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். துரை கோடரி என்ற பேச்சை எடுக்கவே இல்லை. எத்தனை பேர் பெரட்டுக்கு வராமல் போவார்கள் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டார் என்பது அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டதிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் கங்காணிக்கு வெற்றி தலைக்கேறியது.

"தொரை, ஒரு விண்ணப்பமுங்க. ஒவ்வொரு சாமிக்கும் வருசத்துக்கு ஒரு படையல் போடணும். படையலுக்கு ஒரு கெடா, ஒரு நாள் லீவு..."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். "கருப்பனுக்கு மட்டும் ரெண்டு நாளுங்க. அவரு கொஞ்சம் கோவக்காரரு."

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, வெகு இனிமையாக இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். எங்கள் விண்ணப்பத்தில் அவருக்குச் சந்தோஷப்பட ஏதோ கிடைத்துவிட்டது என்று புரிந்தது. இது இவ்வளவு புனிதமான இடம் என்று தனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார். புனிதமான இடத்தில் எவரும் இலை பறிப்பதோ மரம் ஏறுவதோ கொட்டை பொறுக்குவதோ சாமிகளுக்கு அவமரியாதை அல்லவா என்று கேட்டார். சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் பூட்டுப் போட்டு, சாவியைக் கண்டக்டரே வைத்துக்கொள்ளலாம் என்றார். யாராவது உள்ளே போய் எதையாவது எடுத்தது தெரிந்தால், ஆட்களே சாமிக்குப் பயப்படவில்லை என்றுதானே பொருள்; அப்போது தானும் பயப்பட வேண்டியதில்லை, மறுநாளே கோடரி என்றார்.

நான் அதைக் கங்காணிக்குத் தமிழில் சொன்னேன். அதுவரை துரையின் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டிருந்தவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

முள்கம்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே பெரிய மழையும் வந்தது. சாவி என் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. அதைவிடக் கனமான எதையும் நான் சுமந்ததில்லை.

புஞ்சிரால தினமும் வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம், தமிழில் எழுதுகிறேன். அவர் என்னை மஹத்தயா, அதாவது ஐயா, என்பார்.

"மஹத்தயா, பாளையைத் தினமும் சீவ வேண்டும். விட்டால் கண் அடைத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் சொட்டாது."

"வேலி போட்டது அதற்குத் தெரியாதா?"

"அதற்கு என் கத்தியைத்தான் தெரியும். உங்கள் துரையைத் தெரியாது."

"உங்கள் சமன் தெய்யோ ஒன்றும் சொல்லவில்லையா?"

"அவரும் உள்ளேதானே மாட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார் புஞ்சிரால.

குருவிட்டச் சந்தையில் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிமார் எங்கள் ஆட்களைப் பார்த்து, "சாமிய ஜெயில்ல போட்ட தோட்டமா நீங்க? எங்க தோட்டத்துக்கு வாங்கப்பா, எங்க சாமியெல்லாம் வெளியதான் நடமாடுது" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆள் பஞ்சம் கடுமையாக இருந்த காலம். அந்தக் கேலி துரையின் காதுக்கும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு சாயங்காலம் அங்கம்மா வந்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். லயத்து மருத்துவச்சி. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசியை அவள்தான் கையில் வாங்கியவள். அதனால் எவரையும் பிறந்த கோலத்தில் பார்த்த தோரணையில்தான் பேசுவாள்.

"கண்டாக்கையா, சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"பெரிய லயத்துல செல்லம்மா பெத்துக் கெடக்கா. காய்ச்சல் வேற. நாளைக்குக் குளிப்பாட்டணும். பாவட்ட எல வேணும், மரமஞ்சள் ஒரு துண்டு வேணும்."

"டிஸ்பென்சரில கொயினா மாத்தர குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க. முழுங்கிட்டா. கொயினா காய்ச்சலப் பாத்துக்கட்டும். பெத்த ஒடம்ப யாரு பாக்குறது? எல போட்ட தண்ணில குளிக்காம எழுந்திரிக்க மாட்டேன்னு அழுவுறா. அவ மாமியா அவளுக்கு மேல அழுவுறா."

"அங்கம்மா, நீ உள்ள போறது தெரிஞ்சா காடு போயிரும்."

"காட்டக் காப்பாத்திக் குடுங்கன்னுதான கேட்டோம்? பூட்டிக் குடுங்கன்னா கேட்டோம்? இப்ப அது நிக்குறதும் ஒண்ணு, விழுறதும் ஒண்ணு. விழுந்தா வெறகாவது கெடைக்கும்."

அவளை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு யோசித்தேன். என் வழக்கப்படி வரிசையாகவே யோசித்தேன். சாவியை ரகசியமாகக் கொடுக்கலாம். இன்று அங்கம்மா, நாளை புஞ்சிரால, நாளை மறுநாள் யார் என்றே தெரியாது. கூரைத் தகரத்துக்குள் எந்த ரகசியமும் தங்காத லயம் அது. ஒருவர் பிடிபட்டால் எல்லோருக்கும் காடு இல்லை. கொடுக்க மறுக்கலாம். செல்லம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? துரையிடம் போய்ச் சாமிகளையெல்லாம் நாங்கள்தான் குடியேற்றினோம் என்று சொல்லலாம். அது உண்மைகூட இல்லை. அதற்குள் அந்தக் கற்களுக்கு எண்ணெய் வைத்து, பிள்ளைக்குப் பெயர் நேர்ந்துகொண்டவர்கள் லயத்தில் இருந்தார்கள். சாமி வந்த வழி எதுவானாலும், வந்துவிட்டது.

அப்போதுதான் வழி தெரிந்தது. இந்தக் கட்டுரையில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். மறைவாகப் போய்ப் பறித்தால் அது திருட்டு. அதையே எல்லோரும் பார்க்கத் தப்படித்துக்கொண்டு போய்ப் பறித்தால் அது பூசை.

"அங்கம்மா, நாளைக்குக் காலைல பெரட்டு நேரத்துல வா. கற்பூரம், வெத்தல, பாக்கு எடுத்துக்க. தப்புக்காரங்களையும் கூட்டியா."

"எல்லாரும் பாக்கவா?"

"தொரை பாக்க."

"ஒங்களப் பெத்தெடுத்தவ யாரோ, கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பெரட்டில் துரை ஆள் எண்ணிக்கொண்டிருந்தபோது தப்புச் சத்தம் எழுந்தது. லயத்திலிருந்து ஒரு கூட்டம் தட்டும் கூடையுமாக மேலே ஏறியது. புஞ்சிரால இடுப்பில் கத்தியும் தோளில் பதநீர் முட்டியுமாக அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தம்?"

"பூசை, தொரை. பூட்டுனதுலருந்து சாமிகளுக்கு வெளக்கு இல்ல."

"யார் கதவைத் திறந்தான்?"

"நான்தான், தொரை. சாவி எங்கிட்டதான இருக்கு?"

அவர் காட்டு வாசலை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். கங்காணி எனக்கும் பின்னால், வாயில் வெற்றிலை இல்லாமல் வந்தார். வாசலுக்கு வெளியே மூவரும் நின்றோம். உள்ளே கற்பூரப் புகை எழுந்தது. குலவை கேட்டது. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அங்கம்மாதான் முதலில் வந்தாள். அவள் கூடை நிறையப் பச்சை.

"சாமிக்கு என்ன குடுத்தே?" என்றார் துரை.

"கற்பூரமுங்க, வெத்தலங்க."

"சாமி உனக்கு என்ன குடுத்தான்?"

அங்கம்மா கூடையைச் சாய்த்துக் காட்டினாள். "பாவட்ட எலங்க. பிரசாதம்."

அடுத்தவள் கொறக்காப்புளியைப் பிரசாதமாக வாங்கி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் பிரம்பு வாங்கியிருந்தான். புஞ்சிரால முட்டியைத் துரையின் மூக்குக்கு நேராக நீட்டி, இத்தனை நாள் பட்டினி கிடந்த பாளை இன்னும் சாகவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். அடியில் நாலு சொட்டுப் பதநீர் இருந்தது.

"உங்க சாமி ரொம்பக் கனமா பிரசாதம் குடுக்குது" என்றார் துரை. இன்னும் தமிழ்தான்.

கடைசியாகக் கங்காணியின் மச்சினன் வந்தான். தோளில் ஒரு மரமஞ்சள் கொடி முழுதாகக் கிடந்தது. அடித்தூரோடு அறுத்து, வளையமாகச் சுருட்டியிருந்தான். மனிதக் கை பருமன். அவ்வளவு பருக்க எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. எங்களைப் பார்த்ததும் கொடியை முதுகுப் பக்கம் தள்ளினான்.

"இவனுக்கும் சாமி குடுத்ததா?" என்று துரை என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லலாம். எல்லாமே பிரசாதம் என்று ஆகிவிட்ட பிறகு இன்னொன்றா கனம்? கங்காணி என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது. அவர் தயவு இல்லாமல் அந்தத் தோட்டத்தில் ஒரு கண்டக்டர் ஒரு மாதம் வேலை பார்க்க முடியாது. ஆனால் அவன் தோளில் கிடந்ததைப் பிரசாதம் என்று ஒத்துக்கொண்டால், துரை கோடரி எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. எங்கள் ஆட்களே ஒவ்வொரு பூசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

"இல்ல, தொரை. இது சாமி குடுக்கல. இவனா எடுத்தது."

நான் முடிப்பதற்குள் அங்கம்மா அவன்மேல் பாய்ந்தாள். "எலேய், ஒங்க வீட்ல எத்தன பேருக்குடா காய்ச்சல்?"

"இல்லக்கா... சந்தையில மாவனல்ல ஊருக் கடைக்காரரோட ஆளு எடைக்கு வாங்குறாரு..."

"அவருக்காடா காய்ச்சல்? நான் ஒரு துண்டு நறுக்குனா அது மறுபடி தழையும். நீ தூரோட அறுத்தா நாளைக்கு எவ வயித்துப் புள்ளைக்கு எதக் கொண்டு போறது? ஒன்னையும் நான்தான்டா வெளிய இழுத்துப் போட்டேன். அப்படியே உள்ள விட்டிருக்கணும்."

துரை அவளைப் பேச விட்டார். பிறகு கேட்டார்: "அப்போ எது பிரசாதம், எது திருட்டு? யார் சொல்றது?"

அங்கம்மா தயங்கவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். செருப்புக் காலோடு யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு சாணுக்கு மேல் நீளமான இரும்பு உள்ளே வரக் கூடாது. எதையும் தூரோடு எடுக்கக் கூடாது. அடுத்து வருகிறவளுக்கு மிச்சம் இருக்க வேண்டும். கூடை நிறைந்தால் திரும்பிவிட வேண்டும், கோணி கொண்டுவரக் கூடாது.

"இது எந்தச் சாமி சொன்னான்?"

நான் முந்திக்கொண்டேன். "எல்லாச் சாமியும் சேந்து சொன்னது, தொரை."

"எங்க துரைமார் கூட்டத்திலே மூணு பேர் ஒரு பேச்சுக்கு ஒத்துவர மாட்டான். இத்தனை சாமி ஒத்துவந்ததா?" என் பக்கம் திரும்பினார். "கண்டக்டர், உண்மையைச் சொல்லு. சாமி சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நாங்க சொல்லியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, தொரை."

அவர் வாசலிலேயே நின்று காட்டைப் பார்த்தார். மழை விட்டிருந்தது. உள்ளே ஓடைச் சத்தம் கேட்டது. அங்கம்மா, "செல்லம்மாவுக்குத் தண்ணி காயுதுங்க, நான் போகட்டுமா?" என்றாள்.

துரை வழி விட்டார். அப்புறம், என் உயிர் திரும்பி வரும்படியாக, இங்கிலீஷில் பேசினார். இவ்வளவு பெரிய சாமிக் கூட்டத்தில் தன் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லை என்றார். ஒரு கல் வேண்டும், வாசலுக்கு உள்ளேயே, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்க்கிற இடத்தில் நட வேண்டும் என்றார். கங்காணி ஓடிப்போய் ஓடையிலிருந்து வெள்ளைக் கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்தார். மச்சினன் விவகாரத்தை எல்லோரும் மறக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த வேகத்தை அன்றுதான் கண்டேன். கல்லை நட்டு, மஞ்சள் பூசிவிட்டு, பவ்யமாகக் கேட்டார்:

"இவரு என்ன சாமிங்க, தொரை?"

"என் சாமி. கூடை பார்க்கிறவன்."

"படையல் லீவு...?"

"இவன் லீவு எடுக்க மாட்டான்."

கம்பி வேலி நின்றது. பூட்டு மட்டும் போனது. சாவி எங்கே போனது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. செல்லம்மா எழுந்து நடமாடி, தன் பிள்ளையைக் கொண்டுவந்து வெள்ளைக் கல்லின் முன்னால் கிடத்தினாள். மச்சினன் அடுத்த சில வருஷம் அந்த வாசலில் கூடை பார்க்கும் வேலையைச் சாமியோடு சேர்ந்து பார்த்தான். அவனைவிடக் கறாரான ஆள் கிடைத்ததில்லை. எங்கள் சட்டம் எல்லா நாளும் எல்லோராலும் மதிக்கப்பட்டது என்று எழுத மாட்டேன். கோணியோடு வந்தவர்களும் உண்டு. ஆனால் வாசலில் திருப்பி அனுப்ப ஒரு காரணமும், அதைச் சொல்ல ஒரு வாயும் இருந்தன.

அந்தத் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். புதுத் துரை வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், ஒரு துண்டு நிலம் சும்மா கிடப்பதைப் பொறுக்காதவர். வந்த முதல் வாரமே அளவுச் சங்கிலியோடு ஊத்துக்காட்டுக்கு ஏறினார். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. தண்ணீர், மண்சரிவு, ஆட்கள் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்ல வேண்டி வரவில்லை.

வாசலில், வெள்ளைக் கல்லின் முன்னால் அவர் நின்றார். அதற்கு அன்று யாரோ வாழையிலையில் இரண்டு பிஸ்கட்டும், சிரட்டையில் பால் ஊற்றிய தேநீரும் வைத்திருந்தார்கள்.

"இது என்ன சாமி?"

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அது தொரைமாருங்க சாமிங்க. பழைய பெரிய தொரை வச்சிட்டுப் போனாரு."

புதுத் துரை திடுக்கிட்டுத் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"நான் உள்ளே போகலாமா?"

"ராசாவாட்டம் போங்க, தொரை" என்றார் கங்காணி. "சப்பாத்த மட்டும் கழட்டிருங்க. ரத்தம் உறிஞ்சுற அட்டைங்க இருக்கும். இவரு அதெல்லாம் கண்டுக்க மாட்டாரு, வெறுங்கால மட்டுந்தான் பாப்பாரு."

வாசலுக்கு அப்பால் ஈரச் சருகின் மேல் அட்டைகள் நிமிர்ந்து நின்று எங்கள் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. துரை அவற்றைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். சங்கிலி பிடித்தவனிடம் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார்.